சேம அச்சு: வாழப்பாடி வழிப் பயணங்கள் சில

புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் ஒரு மாட்டுவண்டியின் அடிப்பாகத்தைக் காட்டுகிறார். உப்பு வணிகரான உமணர், மேட்டில் ஏறும்போதோ பள்ளத்தில் இறங்கும்போதோ எவ்விடத்தில் என்ன நேருமோ என்றெண்ணி, வண்டிக்குக் கீழே மற்றோர் அச்சு மரத்தைக் கட்டி வைத்திருக்கின்றனர். சேம அச்சு என்பது அதன் பெயர். அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியை அந்த மரத்துக்கு ஒப்பிட்டுப் பாடுகிறார் ஔவை. அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி. அங்கிருந்து அரூர் சென்று, மஞ்சவாடிக் கணவாய் வழியே தெற்கே இறங்கினால் அயோத்தியாப்பட்டணம். கிழக்கே திரும்பினால் வாழப்பாடி. மலைகளுக்கு இடையே நுழைந்து நுழைந்து போகும் இந்தப் பாதையில் இன்றும் ஒரு முறை போய் வந்தவர்களுக்கு, சேம அச்சு என்ற உவமை ஏன் தகடூர் அவையில் எடுபட்டது என்பதற்கு உரையாசிரியர் தேவைப்படமாட்டார்.

உமணர் வண்டியை இன்னும் விரிவாகக் காட்டுவது பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அந்த வண்டியை ஒரு வீடாகவே வரைந்திருக்கிறார். மேலே வேய்ந்த கூரை, கோழி அடையும் கூடு, உலக்கை, கயிற்றால் பிணித்துத் தொங்கவிட்ட காடிக்கலம். கைக்குழந்தையோடு அமர்ந்து எருதுகளை ஓட்டுகிறவள் ஒரு பெண். ஆண்கள் பக்கத்தில் நடந்து வருகின்றனர். மாற்று எருதுகளும் உடன் வருகின்றன. சமையலறை, படுக்கை, பண்டசாலை, கோழிப்பண்ணை எல்லாம் நான்கு முழ அகலத்துக்குள் அடங்கி, ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கின்றன.

இதை இப்போது நினைவுகூரக் காரணம் உண்டு. படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் பொருத்திய ஊர்தியில் நண்பர்களோடு ஏறி, ஏரியில் துடுப்புப் போட்டு, மலையில் நடந்து, காட்டு விலங்கு கண்ணில் படுமா என்று காத்திருந்து திரும்பும் விடுமுறை வழக்கம் நம் பக்கத்துக்கும் வந்துவிட்டது. கேரளம் 2021இல் ‘கேரவன்’ சுற்றுலா என்றே ஒரு திட்டத்தை அறிவித்தது. இது முழுக்க மேலைநாட்டு இறக்குமதி என்று முகஞ்சுளிப்போர் ஒரு புறம். அதே காரணத்துக்காகவே இதைக் கொண்டாடுவோர் மறுபுறம். இரு தரப்புமே உமணர் வண்டியை மறந்துவிட்டன என்பது எமது எண்ணம். ஆனால் ‘எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது’ என்று முடித்துவிடும் கட்டுரையாகவும் இதை எழுத விரும்பவில்லை. அப்படி எழுதப்பட்டவை போதுமான அளவில் இருக்கின்றன.

மேலைநாட்டு வழக்கமும் ஒன்றும் பழமையானதன்று. ஸ்காட்லாந்துக்காரரான கோர்டன் ஸ்டேபிள்ஸ் கடற்படை மருத்துவராயிருந்து ஓய்வுபெற்றவர். சிறுவர் கதைகள் எழுதியவர். பிரிஸ்டல் நகரத்து வண்டிப் பட்டறையில் ‘வாண்டரர்’ என்ற பெயரில் ஒரு வீட்டுவண்டி செய்வித்து, 1885இல் இரண்டு குதிரை பூட்டி இங்கிலாந்தின் தென்பகுதியிலிருந்து இன்வர்னெஸ் வரை போனார். உல்லாசத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் வீட்டுவண்டி அதுவே என்பர். அந்தப் பயணத்தில் எமக்குப் பிடித்த செய்தி வேறு. ஓட்டுவதற்கு ஒரு வண்டிக்காரர் இருந்தார். மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே சென்று, குறுகலான சாலையில் எதிரே வண்டி ஏதும் வருகிறதா என்று பார்த்துச் சொல்ல ஒரு பணியாளரும் இருந்தார். அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு, எடிசன், ஃபயர்ஸ்டோன், இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸ் ஆகிய நண்பர்கள் தம்மை ‘நாடோடிகள்’ என்று அழைத்துக்கொண்டு 1910களிலும் 1920களின் முற்பகுதியிலும் காடுகளுக்குப் போனார்கள். அந்த நாடோடிகளுக்குப் பின்னால் சமையல் லாரியும் சமையற்காரர்களும் போனார்கள். உமணர் வண்டியில் ஓட்டியவளும் சமைத்தவளும் ஒருத்தியே. வண்டி மாறிய வரலாற்றைப் பலர் எழுதியிருக்கின்றனர். வண்டிக்குப் பக்கத்தில் நடந்தவர்களின் வரலாறு சிதறிக் கிடக்கிறது.

சேலத்தை எடுத்துக்கொள்வோம். 1792இல் திப்பு சுல்தானோடு செய்துகொண்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகாலும் சேலமும் கும்பினிக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராகத் தருமபுரியில் இருந்த தாமஸ் மன்றோ, 1799 வரை ஆண்டின் பெரும்பகுதியைக் கூடாரத்தில் கழித்தார். ஊர் ஊராகச் சென்று நிலத்தை அளந்து வரி தீர்வை செய்தார். அந்த வாழ்க்கையில் அவருக்கு மகிழ்ச்சி இருந்ததென்பதை அவர் கடிதங்களே காட்டும். தருமபுரியில் தாம் வளர்த்த தோட்டத்தைப் பிரிந்தபோது வருந்தியவர் அவர். அந்தக் கூடாரங்களைச் சுமந்த எருதுகளுக்கும் கூலிகளுக்கும் கடிதங்களில் பெயரில்லை.

அடுத்து வந்தவர்கள் கல்லைத் தேடியவர்கள். ராபர்ட் புரூஸ் ஃபூட் 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்தார். 1863இல் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்ததன் மூலம் நம் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெற்றவர் அவரே. அதற்கு மறு ஆண்டில் வில்லியம் கிங்கும் அவரும் சேர்ந்து எழுதிய திருச்சி, சேலம், தென்னார்க்காடு மாவட்டங்களின் நிலவியல் அறிக்கை வெளிவந்தது. கஞ்சமலை, தீர்த்தமலை, கொல்லிமலை ஆகியவற்றின் காந்த இரும்புக்கல் படுகைகளோடு வாழப்பாடிக்கு அருகிலுள்ள கோதுமலையின் படுகைகளும் ஆய்வுநூல்களில் இடம்பெற்றது இத்தகைய உழைப்பால்தான். குளிர்காலம் தொடங்கியதும் கிளம்பி, வெயில் கொளுத்தும்வரை கூடாரம், குதிரை, மாட்டுவண்டி என்று மலையடிவாரங்களைச் சுற்றி வருவது அவர்கள் பணி. மலை ஏறுதல் அவர்களுக்குப் பொழுதுபோக்கு அன்று; ஆயினும் அவர்கள் எழுத்தில் பொழுதுபோக்கின் சுவை உண்டு.

இந்த இரும்புக்கல்லை நம்பித்தான் 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் உருக்காலை தொடங்கினார். கும்பினி உத்தியோகத்தை விட்டு இதில் இறங்கியவர். பறவைகளைச் சேகரிப்பதிலும் ஆர்வமுள்ளவர். ஆலை நொடித்தது. ஆனால் இங்கே ஒரு தற்செயல் ஒற்றுமையைக் குறிக்காமல் போக மனமில்லை. வாழப்பாடிக்கு வடக்கேயுள்ள மலைகளில் பிறந்து, பேளூர், ஏத்தாப்பூர், ஆத்தூர் வழியாக ஓடும் வசிஷ்ட நதி, கிழக்கே சுவேத நதியோடு கூடி வெள்ளாறாகி, கடலில் கலக்கும் இடம் அதே பரங்கிப்பேட்டைதான். அந்த ஆற்றில் இன்று துடுப்புப் போட நினைப்பவருக்கு ஆண்டில் சில வாரங்களே வாய்க்கும். மற்ற நாள்களில் மணலும் சீமைக்கருவேலும். ஜவ்வரிசி ஆலைக் கழிவின் புளித்த வாடையும் பல இடங்களில் உண்டு. மரவள்ளிக்கிழங்கு இந்தச் சமவெளிக்குச் சோறு போட்டது. அதற்கான விலையில் ஒரு பகுதியை ஆறு கொடுத்தது.

நீர்வழி என்றால் நம் பக்கத்தில் பரிசல்தான். கயாக் என்னும் ஒடுங்கிய படகுக்கு வடதுருவத்து இனுவிட் மக்களின் தோலும் எலும்பும் மூலம். பரிசலுக்கு மூங்கிலும் மாட்டுத்தோலும். தோலின் இடத்தை இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும் பிடித்துக்கொண்டன. வட்டமாயிருப்பதால் பரிசலுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. பாறையில் மோதினால் சுழன்று விலகும். சில விரற்கடை ஆழத்திலும் மிதக்கும். ஆற்றோடு இறங்கிவிட்டால் எதிர்த்து ஏறுவது பெரும்பாடு. ஆகவே ஓட்டியவர் அதைக் கவிழ்த்துத் தலைமேல் வைத்துக்கொண்டு கரையோடு நடந்து திரும்புவார். தூரத்திலிருந்து பார்த்தால் ஓர் ஆமை எழுந்து நடப்பதுபோல் இருக்கும். 1803 தக்காணப் போரின்போது ஆறுகளைக் கடக்க இத்தகைய கூடைப்படகுகளையே ஆர்தர் வெல்லெஸ்லி நம்பினார். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் அவரே. ஒகேனக்கல்லில் பரிசல் இன்று சுற்றுலாப் பயணிக்கு உல்லாசம். 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்று ஊர்கள் நீரில் மூழ்கிய பின், அக்கரைக்கும் இக்கரைக்குமான வழக்கமான போக்குவரத்தே பரிசல் என்றாகிப் போனவர்களும் உண்டு. நீர்மட்டம் இறங்கும் கோடையில் பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தி தலை காட்டும்போது அவர்கள் வழி தெரிந்தவர்களாகப் பேசுவார்கள்.

இனி விலங்குகள். கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியைப் பாடிய வன்பரணர் (புறநானூறு 152) ஒரு பயணக் காட்சியை நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார். இசைக்கருவிகளோடு ஒரு பாணர் சுற்றம் காட்டு வழியே போகிறது. எதிரே ஒரு வேட்டுவன். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கடந்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் போய்ச் செருகுகிறது. மிகைதான். ஆனால் அந்த மிகைக்குள் ஒரு பட்டியல் இருக்கிறது. ஐந்தில் யானையும் புலியும் இன்று கொல்லிமலையில் இல்லை.

எப்படி இல்லாமற் போயின? வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் தரும் கணக்குப்படி, 1875க்கும் 1925க்கும் இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளில் இந்தியாவில் கொல்லப்பட்ட புலிகள் மட்டும் 80,000க்கு மேல். புலித்தலைக்கு அரசு பரிசுப்பணம் கொடுத்த காலம் அது. கொன்றவர்களில் துரைமாரும் ஜமீன்தார்களும் இருந்தனர். பரிசுப்பணத்துக்காக நஞ்சு வைத்தவர்களும் பொறி வைத்தவர்களும் இருந்தனர். சேர்வராயன் மலையில் காப்பி பரவியதும் இதே நூற்றாண்டில்தான். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியை அறிமுகப்படுத்தினார். தோட்டங்கள் பெருக, காட்டின் ஓரம் பின்வாங்கியது. காட்டு விலங்குகளைக் காப்பதற்கென்று விரிவான சட்டம் வர 1972 ஆக வேண்டியிருந்தது.

வேட்டைக்காரர்களில் ஒருவரை மட்டும் தனியே நிறுத்த விரும்புகிறோம். கென்னத் ஆண்டர்சன் (1910–1974) பெங்களூர்வாசி. விமானத் தொழிற்சாலையில் வேலை. விடுமுறை கிடைத்தால் காடு. 1954இல் வெளியான அவருடைய முதல் நூலிலேயே அன்றைய சேலம் மாவட்டத்தின் பென்னாகரம், சின்னாறு, முண்டாச்சிப்பள்ளம், கெம்பேகரை எல்லாம் வருகின்றன. ஸ்டூடிபேக்கர் காரில் துப்பாக்கியும் தேநீர்ச் சாமான்களும் ஏற்றிக்கொண்டு புறப்படுவார். கதைகளில் கற்பனை கலந்திருக்கிறது என்பாரோடு எமக்கு வழக்கில்லை. ஆனால் மன்றோவின் கடிதத்தில் இல்லாத ஒன்று இவரிடம் இருக்கிறது. வழிகாட்டிய பூசாரி பைரனுக்கும் பென்னாகரத்து ரங்காவுக்கும் பெயர் உண்டு, குணம் உண்டு, குறை உண்டு. பைரனைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். ஆற்றங்கரைப் பொந்தில் குழந்தையோடு படுத்திருந்த ஒருவனைத் தம் நண்பன் என்று அச்சிலே எழுதியது அந்தக் காலத்தில், அந்த வட்டாரத்தில், சிறிய காரியமன்று. துப்பாக்கி யார் கையில் இருந்தது என்ற கேள்வி அதனால் மறைந்துவிடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

தமிழிலக்கியத்தில் துப்பாக்கியில்லாத நண்பர்கள் பயணம் ஒன்று வர 1971 ஆயிற்று. சிட்டியும் தி. ஜானகிராமனும் காரில் காவிரியோடு போய் எழுதிய ‘நடந்தாய் வாழி, காவேரி’ நம் வாசகர்கள் அறிந்ததே. ஏ.கே. செட்டியார் தொகுத்த பழைய பயணக் கட்டுரைகளையும் இதையும் அடுத்தடுத்துப் படித்தால் தமிழ்ப் பயணியின் கண் எங்கெல்லாம் நின்றது என்று புலப்படும்: கோயில், சத்திரம், சாப்பாடு, சங்கீதம், ஆறு. விலங்கின்மேல் நிற்பது அரிது. காட்டை நாம் கடந்து போனோம், காட்டுக்கென்று போகவில்லை. இதைக் குறையென்று சொல்லலாமா என்பதில் எமது குழுவுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு.

நாங்கள் ஐவர், ஒரு வாடகை வேனில் அடுப்பும் பாயும் ஏற்றிக்கொண்டு, வாழப்பாடியிலிருந்து பேளூர் வழியே வடக்கே போன மூன்று நாள்களில் இந்த விவாதமே பாதி நேரத்தைத் தின்றது. பேளூர்த் தான்தோன்றீசுவரர் கோயிலில் ஒரு மணி நேரம். பின்னர் அருநூற்றுமலைப் பக்கம் நடை. அடுத்த நாள் கல்வராயன் மேலே கருமந்துறை. விலங்கு தேடியதில் எங்களுக்குக் கிடைத்தவை ஒரு முள்ளம்பன்றி முள், காட்டெருமைச் சாணம் என்று காட்டப்பட்ட ஒன்று, எண்ணற்ற மயில்கள். மலையில் எங்களோடு நடந்த பெரியவர், விலங்கு பார்ப்பதற்காகவே ஒருவர் பெட்ரோல் செலவழித்து வருவதை மரியாதையோடு சகித்துக்கொண்டார். “கரடி எதுக்க வந்தா நாங்க வேற பக்கம் போவோம் சாமி, நீங்க என்னமோ தேடிக்கிட்டு வர்றீங்க” என்றார். அவர் பேச்சு அடிக்கடி ஜாகிர் காலத்துக்குப் போயிற்று.

அந்தக் காலத்தைச் சொல்லியாக வேண்டும். கல்வராயன் மலை நெடுங்காலம் மூன்று ஜாகிர்தார் குடும்பங்களின் ஆளுகையில் இருந்தது. விஜயநகர வேந்தர் கொடுத்த உரிமை என்று அவர்கள் கூறிவந்தனர். நாடு 1947இல் விடுதலை பெற்ற பிறகும் மலை அவர்களிடமே இருந்தது. 1976இல்தான் அரசு எடுத்துக்கொண்டது. அதுவரை மலையாளிக் குடிகள் வரியோடு வெட்டி வேலையும் செய்தாக வேண்டும். ஜாகிர்தார் நிலத்தில் கூலியில்லாமல் உழுவது, சுமை தூக்குவது, மேலே வருபவரைத் தூக்கி வருவது. இந்த மலையாளி மக்கள் மலையாளம் பேசுவோர் அல்லர். மலையை ஆள்வோர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் தமிழர். காஞ்சியிலிருந்து மூன்று அண்ணன் தம்பியர் புறப்பட்டு வந்து ஆளுக்கொரு மலையேறினர் என்பது அவர்களின் தொன்மக் கதை. அவர்களுடைய வரலாறே ஒரு பயணத்தில்தான் தொடங்குகிறது. எங்கள் பெரியவரின் பாட்டனார் வாழ்நாளில் ஏறிய வண்டி எதுவும் இல்லை. தோளில் ஏற்றியவை மட்டுமே உண்டு.

நண்பர்களாகச் சேர்ந்து வண்டியேறிக் காட்டுக்குப் போவது என்பதற்கு இந்த மலைகளில் இன்னொரு பொருளும் இருக்கிறது. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் திருப்பதியை அடுத்த சேஷாசலம் காட்டில் ஆந்திரச் சிறப்புக் காவல்படை சுட்டதில் இருபது பேர் இறந்தனர். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது காவல்துறை. அவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களின் மலைப்பகுதிகளையும் அடிவார ஊர்களையும் சேர்ந்த கூலிகள். இதைச் சுற்றுலாக் கட்டுரையில் எதற்கு இழுக்கிறீர்கள் என்று எங்களில் ஒருவரே கேட்டார். மலையில் ஒரு சிற்றூரில் எங்கள் வேன் நின்றபோது, யார், எங்கே, யார் அனுப்பியது என்று பெண்கள் மூன்று முறை விசாரித்தார்கள். அந்த விசாரணையின் காரணம் புரிய இந்தத் தேதி தேவைப்பட்டது.

இறங்கும்போது ஆத்தூர்ப் பக்கம் முட்டல். ஏரியில் வனத்துறையின் படகு. மேலே ஆனைவாரி அருவி. வெள்ளம் யானையை வாரிக்கொண்டு போனதால் அப்பெயர் என்று ஊரார் விளக்குவர். யானை இல்லாத காட்டில் யானையின் பெயர் மட்டும் தங்கியிருக்கிறது. பெயரின் மற்றப் பாதி இன்னும் உயிரோடிருப்பது 2021 அக்டோபரில் தெரிந்தது. திடீரென வெள்ளம் பெருகி, ஒரு தாயும் கைக்குழந்தையும் பாறையில் சிக்கிக்கொள்ள, இளைஞர் சிலர் வழுக்குப் பாறையில் ஏறி அவர்களை மேலே தூக்கிவிட்டனர். தூக்கியவர்களில் இருவர் நீரில் விழுந்து நீந்திக் கரை சேர்ந்தனர். அந்த ஒளிப்படக் காட்சியைத் தமிழகமே பார்த்தது. சேம அச்சு என்று ஔவை சொன்னது இப்படிப்பட்டவர்களைத்தான் போலும் என்று வேனில் யாரோ சொன்னார். சற்று நேரம் யாரும் மறுத்துப் பேசவில்லை. எமது குழுவில் அது அபூர்வம்.

ஃபூட்டைப் பற்றி ஒன்று பாக்கி. பணிக்காலம் முடிந்து அவர் ஏற்காட்டிலேயே வீடு கட்டிக்கொண்டு தங்கினார். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தபோது அவருடைய சாம்பல் ஏற்காட்டுத் தேவாலய வளாகத்துக்கே திரும்பி வந்தது. சேர்வராயன் மலையில் அவர் நிறையப் பொறுக்கியவை புதிய கற்காலத்துக் கைக்கோடரிகள், வழவழவென்று தீட்டப்பட்டவை. அவற்றை மலைக்குடிகள் முன்பே பொறுக்கியிருந்தனர். மரத்தடிகளில் குவித்துப் பிள்ளையாராகக் கும்பிட்டுவந்தனர். ஃபூட்டின் சேகரிப்பை 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. அவர் இறந்த பின், 1914இலும் 1916இலும், அதன் பட்டியல் நூல்கள் அச்சாயின. ஒவ்வொரு கல்லுக்கும் எண், கிடைத்த இடம், அளவு. எழும்பூருக்குப் போகிறவர்கள் கேட்டுப் பார்க்கலாம். எங்கள் பெரியவர் காட்டிய ஒரு மரத்தடியிலும் அப்படி ஏழெட்டுக் கற்கள் கிடந்தன. மஞ்சள் பூசி, எண் எதுவும் இல்லாமல். எங்களில் ஒருவர் ஒன்றைக் கையில் எடுத்தார். பெரியவர் பார்த்துக்கொண்டே நின்றார். எடுத்தவர் திரும்ப அதே இடத்தில், அதே பக்கம் மேலே இருக்கும்படி வைத்தார்.